யாருடைய பொற்காலம்?

பழைய குடும்பம் திரும்பி வந்துவிட்டதாம்! செம்பவாங் வட்டாரத்து அடுக்குமாடிகளிலே வாழும் நம்மவர் பலர் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கின்றனர். எங்கே வந்தது, எப்போது வந்தது என்று வினவினால், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியைக் காட்டுகின்றனர். திரையிலே வந்த குடும்பத்தைக் கண்டுவிட்டு, திரைக்கு வெளியே இருக்கும் தம் குடும்பத்தைக் குறைகூறவும் தொடங்கிவிட்டனர். இந்தப் போக்கைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறாதிருக்க எம்மால் இயலவில்லை.

அறியாதார்க்கு முதலில் செய்தியைக் கூறிவிடுவோம். 1998ஆம் ஆண்டில், கே. பாலசந்தர் அவர்களுடைய நிறுவனத்தின் தயாரிப்பில், நாகா என்பார் இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' என்னும் நகைச்சுவைத் தொடர் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களிடையே நாள்தோறும் மூளும் சிறு பூசல்கள், அவை தீரும் விதம், கதை இவ்வளவே. கொலை இல்லை, சூழ்ச்சி இல்லை, பாம்பும் பேயும் இல்லை. அதனாலேயே மக்கள் அதனை விரும்பினர். அத்தொடர்க்கு மூன்றாம் பாகம் ஒன்றை அதே நாகா அவர்கள் 2022ஆம் ஆண்டில் 'ஆஹா' என்னும் இணையத்திரையில் வெளியிட்டார். முன்னர் நடித்த வாசுகியும் ராம்ஜியும் அகவை கூடிய முகத்தோடு மீண்டும் வந்தனர். அதற்கு ஈராண்டு முன்பு, 2020இல் நோய்க்கு அஞ்சி ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த வேளையில், சன் தொலைக்காட்சி தன் பழைய 'மெட்டி ஒலி'யை எடுத்து மறுபடி ஓடவிட்டது. 'சித்தி'யின் இரண்டாம் பாகம் தொடங்கியதும் அந்த ஆண்டிலேதான்.

இவற்றைக் கண்ட நம்மவர் என்ன கூறினர்? இரு கட்சியாகப் பிரிந்து பேசினர். ஒரு கட்சியார், "பழையதைப் போல இல்லை, பிள்ளைகள் எதிர்த்துப் பேசுகின்றனர், மனைவியின் குரல் ஓங்கிவிட்டது, கெடுத்துவிட்டார்கள்" என்றனர். மற்றக் கட்சியார், "பழையதேதான், கண்ணீர் வந்துவிட்டது, அந்தக் குடும்பம் இனி எங்கே கிடைக்கும்?" என்றனர். முன்னவர் சினந்தனர், பின்னவர் நெகிழ்ந்தனர் என்பதே வேற்றுமை. அந்தக் காலத்துக் குடும்பமே குடும்பம், இந்தக் காலத்தது சீர்கெட்டது என்னும் முடிவில் இருவரும் ஒருவரே.

அண்மையில் ஒரு விடுமுறை நாள் மாலை, செம்பவாங்கில் நண்பரொருவரின் இல்லத்திலே இருந்தோம். அறுபதைக் கடந்தவர், நல்லவர், பிறர்க்குத் தீங்கு நினையாதவர். தொடரின் ஒரு பகுதி முடிந்ததும் எம்மை நோக்கி, "பார்த்தீர்களா ஐயா! அந்தக் காலத்தில் ஆண்மகன் வீடு திரும்பும்போது காப்பி தயாராக இருக்கும். இந்தக் காலத்துப் பெண்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?" என்றார். இரவெல்லாம் மருத்துவமனையில் தாதி வேலை பார்த்துவிட்டு வந்து, பகலில் சிறிதே உறங்கி எழுந்திருந்த அவருடைய மருமகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனார். அவருடைய கணவன் நாற்காலியை விட்டு அசையவில்லை. மூலையில் அமர்ந்திருந்த நண்பரின் தாயார், எண்பத்தைந்தைத் தாண்டிய மூதாட்டி, மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"எந்தக் காலத்தைடா சொல்றே? நாலு மணிக்கு எழுந்து பெரட்டுக்குப் போனவ நான். உனக்கு வாயில பால் ஊத்தினது ஆயாக் கொட்டகை ஆயா."

நண்பர் சிரித்து மழுப்பினார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூதாட்டி கூறியதிலேதான் நாம் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி முழுதும் அடங்கியிருக்கிறது.

தோழர்களே! நாம் கண்ணீர் விடுவது யாருடைய கடந்த காலத்தை நினைந்து? அடுக்களையிலே மனைவி, கூடத்திலே செய்தித்தாளோடு கணவன், ஊஞ்சலிலே பாட்டி என்னும் அந்தச் சித்திரம், சென்னை நகரத்து நடுத்தர வகுப்பாருடைய சித்திரம். அதில் குற்றமில்லை, அவர்கள் தங்கள் வீட்டைத் தாங்கள் காட்டினர். ஆனால் அது நம் வீடா? நம் பாட்டிமார் ஊஞ்சலில் ஆடினவர்களா?

மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு நம் முன்னோர் எவ்வாறு வந்தனர் என்பதை நினைவு கூருங்கள். கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டி அழைத்து வந்தான். வந்தவருள் ஆண்கள் மிகப் பலர், பெண்கள் மிகச் சிலர். மனைவியை ஊரிலே விட்டு வந்தவன் உண்டு; மணமே காணாமல் லயத்து வீட்டில் மாண்டவன் உண்டு. பெண்ணும் உடன் வந்த இடத்தில், அவள் அடுக்களைக்கு அரசியாக வரவில்லை, கூலியாக வந்தாள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றாள். ஆணைப் போலவே மரம் வெட்டினாள்; பால் எடுத்தாள்; வாளி சுமந்தாள். 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உழைப்பிலே பாதி, கூலியிலே குறைவு. பின்பு லயத்துக்குத் திரும்பி அடுப்பு மூட்டும் வேலை முழுதும் அவளுக்கே! இதுதான் தோட்டத் தமிழருடைய 'அந்தக் காலத்துக் குடும்பம்'.

இனி, செம்பவாங்கையே எடுத்துக்கொள்வோம். இன்று அடுக்குமாடிகளும் எம்ஆர்டி நிலையமும் நிற்கும் இவ்வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நிலம். பின்னர் பிரிட்டிஷார் இங்கே கடற்படைத் தளம் அமைத்தனர். 1938இல் அதன் பெருங்கப்பல்துறை திறக்கப்பட்டது. தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் அங்கே வேலை பார்த்தனர். மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மனைவி மக்கள் முகம் கண்டு திரும்பினவர் அவர்களுள் எத்தனை பேர்! பிரிட்டிஷார் வெளியேறப் போவதாக 1968இல் அறிவித்து 1971இல் வெளியேறியபோது, பல குடும்பங்கள் வேலையை இழந்து கலங்கின. பிரிவாலும் அச்சத்தாலும் ஆன வாழ்க்கை அது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவரின் பேரப்பிள்ளைகள், இன்று சென்னை வீடொன்றின் கூடத்தைக் காட்டி, "இதுவே நாம் இழந்த சொர்க்கம்" என்கின்றனர். என்னே விந்தை!

இன்னொன்றும் கூறுவோம். கேட்பவர் செவிக்குக் கசக்கும். கசந்தாலும் உண்மை உண்மையே. ஊரில் ஒரு மனைவி, இங்கே ஒரு மனைவி என்று வாழ்ந்த ஆடவரையும் அந்தக் காலம் கண்டது. சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதார்க்கு ஒருவனுக்கு ஒருத்தியே என்று சட்டம் உறுதி செய்தது 1961இல், மாதர் சாசனம் இயற்றப்பட்ட பிறகுதான். அதற்கு முன் கைவிடப்பட்ட பெண் எந்த மன்றத்திலே போய் முறையிடுவாள்? அந்தக் காலத்துக் குடும்பம் சிதையாமல் இருந்தது என்கின்றனர். சிதைந்ததைச் சொல்ல வாயற்றவள் ஒருத்தி உள்ளே இருந்தாள் என்பதே பல வீடுகளில் அதற்குக் காரணம்.

கதையைக்கூட நம்மவர் ஒழுங்காகக் காண்பதில்லை என்பதற்கு 'மெட்டி ஒலி'யே சான்று. 2002 முதல் 2005 வரை வந்த அத்தொடரைத் திருமுருகன் இயக்கினார். ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை ஒருவர் அவர்களை மணம் செய்து கொடுக்கிறார்; புகுந்த வீட்டிலே அவர்கள் படும் பாடுதான் கதையின் பெரும்பகுதி. மாமியார் கொடுமையும், சொல் தாங்காத கணவனும், மகளின் கண்ணீரைத் துடைக்க ஓடி ஓடித் தேயும் தந்தையும் அதிலே உண்டு. இத்தனையும் கண்டபின் நம்மவர் கூறியது யாது? "ஆகா, என்ன பாசம்! அந்தக் காலத்துக் குடும்பம்!" புண்ணைக் காட்டினால் அதிலே பூசிய சந்தனத்தைப் புகழ்வாரும் உண்டோ? கதை எழுதியவர் கொடுமையைக் கொடுமை என்றே காட்டினார். பார்த்தவர்தாம் அதனைப் பண்பாடு என்று படித்தனர்.

பழைய தொடர்களுக்கு மறுவாழ்வு தருவது தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில் 1987 முதல் 1995 வரை 'ஃபுல் ஹவுஸ்' என்றொரு குடும்ப நகைச்சுவைத் தொடர் வந்தது. மனைவியை இழந்த ஒருவன், தன் மைத்துனனையும் நண்பனையும் துணைக்கொண்டு மூன்று பெண் மக்களை வளர்க்கும் கதை அது. பிள்ளைக்கு உடை மாற்றுவதும் உணவு ஊட்டுவதும் அழுதால் தேற்றுவதும் அங்கே ஆண்களின் வேலை. 2016இல் அது 'ஃபுல்லர் ஹவுஸ்' என்னும் பெயரில் திரும்பி வந்தபோது, முன்பு சிறுமியாய் வளர்ந்தவள் தாயாகி, பெண்கள் மூவர் பிள்ளைகளை வளர்ப்பதாகக் கதை மாறிற்று. அதனையும் நம் வீட்டார் பார்த்து மகிழ்ந்தனர். வெள்ளைக்காரன் தொட்டில் ஆட்டினால் அழகு, நம் வீட்டு ஆண் தட்டுக் கழுவினால் இழுக்கு என்று எந்த நூல் கூறிற்று?

"சிரிக்க உட்கார்ந்த இடத்திலே சண்டை மூட்டுகிறீரே! பழையதை நினைந்து மகிழ்வதும் குற்றமா?" என்று அன்பர் சிலர் கேட்பர். குற்றமன்று. உழைத்து அலுத்தவர்க்குச் சிரிப்பு மருந்து. இறந்துபோன தாய் தந்தையரோடு ஒரே பாயில் அமர்ந்து கண்ட தொடர் மீண்டும் வரும்போது நெஞ்சம் இளகுவது இயல்பு; எம் நெஞ்சமும் இளகியது. அந்த இளக்கத்தை நாம் பழிக்கவில்லை. சிரித்து முடித்தபின் வழங்கப்படும் தீர்ப்பையே பழிக்கிறோம். அந்தத் தீர்ப்பு காற்றிலே கரைந்து போவதில்லை. அது அடுக்களையிலே நிற்கும் ஒரு பெண்ணின் மேல் போய் விழுகிறது. படித்து, வேலைக்குப் போய், வீட்டுக் கடனிலே பாதியைக் கட்டுகின்ற மருமகளை, எழுதி வைத்த வசனம் பேசும் ஒரு நடிகையோடு ஒப்பிட்டு, "நீ குறைந்தவள்" என்று கூறுகிறது. பெண் பிள்ளை அதைக் கேட்டு அஞ்சுகிறாள். ஆண் பிள்ளை அதைக் கேட்டு நாற்காலியிலே இன்னும் நன்றாய்ச் சாய்கிறான்.

சட்டமோ முன்னே போய்விட்டது. 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் பிள்ளை பெற்ற வீட்டில் தகுதியுள்ள தந்தைக்கு 4 வார விடுப்பு உரிமையாகிவிட்டது. அரசு ஊதியம் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கு" என்கிறது. நாமோ தொலைக்காட்சியைப் பார்த்து, "தந்தையென்றால் செய்தித்தாள் படிப்பவர்" என்று பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறோம்!

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தொடரைப் பாருங்கள்; வயிறு குலுங்கச் சிரியுங்கள்; ஆனால் அந்நேரம் அடுக்களையிலே நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவரும் வந்து அமரும் வரை தொடரை நிறுத்தி வையுங்கள். இணையத்திரையில் நிறுத்த இயலாத தொடர் ஏது? பாத்திரத்தை ஆடவர் கழுவட்டும்.

இரண்டாவது, உங்கள் வீட்டு மூதாட்டியிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை மரம், என்ன கூலி, பிள்ளையை எங்கே விட்டுப் போனார், எப்போது சிரித்தார் என்று கேட்டு, அவர் சொல்வதைப் பதிந்து வையுங்கள். கைப்பேசியில்லாத வீடு இன்று இல்லை. அவர் போனபின் அந்தக் காலத்தைச் சொல்லத் திரையிலே வரும் பாட்டிதான் எஞ்சுவார்.

மூன்றாவது, எழுத்தாளர்க்கும் தொலைக்காட்சியார்க்கும் ஒன்று. கமலாதேவி அரவிந்தன் 'செம்பவாங்' என்னும் பெயரிலேயே ஒரு நாவலை எழுதி, இவ்வட்டாரத்துப் பழைய வாழ்க்கையை நம்முன் வைத்திருக்கிறார். அந்த வழியிலே இன்னும் பலர் வரட்டும். லயத்து வாசலிலும் கடற்படைக் குடியிருப்பிலும் சிரிப்புக்குப் பஞ்சமிருந்ததில்லை. கிராணியை ஏய்த்த கதையும், கங்காணிக்குப் பட்டப்பெயர் வைத்த கதையும் நம் கிழவிகளிடம் கேட்டால் கிடைக்கும். நம்முடைய நகைச்சுவையை நாமே எழுதினால், பிறர் வீட்டுக் கூடத்தை நம் வீடென்று எண்ணி அழ வேண்டியதில்லை.

அன்று மாலை விடைபெறும் வேளையில், அந்த மூதாட்டியிடம், "உங்கள் காலம் திரும்பி வந்தால் போவீர்களா?" என்று கேட்டோம். "எனக்கென்ன பைத்தியமா?" என்றார். மருமகள் கொணர்ந்த காப்பியில் பாதியை வேறொரு குவளையில் ஊற்றி, "உட்கார்ந்து குடி ஆத்தா" என்று அந்தப் பெண்ணிடமே நீட்டினார். பொற்காலம் எப்போது வரும் என்று ஏங்கும் அன்பர்கள், அந்தக் கிழவியிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும்.