ஊதாக் கல்லைச் சூடாக்கினால் மஞ்சள் கல்... குவார்ட்ஸுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

கழுத்தில் போடும் ஸ்படிக மாலை, நகைக்கடையில் ஊதாவாக மின்னும் செவ்வந்திக்கல், இன்ஸ்டாகிராமில் 'லவ் ஸ்டோன்' என்று விற்கப்படும் ரோஸ் குவார்ட்ஸ்... மூன்றும் அசலாக இருந்தால், மூன்றும் ஒரே கனிமம்தான். குவார்ட்ஸ்! சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்தது. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே கிடையாது.

அப்படியானால் இத்தனை நிறங்கள் எப்படி?

அமெதிஸ்ட் எனப்படும் செவ்வந்திக்கல்லில் இருப்பது இரும்பு. படிகம் வளரும்போது சிலிக்கான் இருக்கவேண்டிய சில இடங்களில் இரும்பு அணு உட்கார்ந்துவிடும். அளவு மிக மிகச் சொற்பம். ஆனால், இரும்பு மட்டும் இருந்தால் ஊதா வராது. சுற்றியுள்ள பாறைகளிலிருந்து வரும் இயற்கையான கதிர்வீச்சு, லட்சக்கணக்கான வருடங்கள் அந்தப் படிகத்தின் மீது பட வேண்டும். அது இரும்பு அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கிய பிறகுதான் கல் ஊதாவாகிறது. சூடாக்கி நிறம் போன அமெதிஸ்ட், ரேடியத்தின் அருகில் வைத்தால் மீண்டும் ஊதாவாவதை பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தெலோ 1906-லேயே காட்டினார். மாங்கனீசுதான் ஊதாவுக்குக் காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

புகைபடிந்த கண்ணாடிபோல இருக்கும் ஸ்மோக்கி குவார்ட்ஸிலும் கதிர்வீச்சின் வேலைதான். அங்கே இரும்புக்குப் பதில் அலுமினியம். ஆய்வுக்கூடத்தில் காமா கதிர் பாய்ச்சி வெள்ளைக் கல்லைப் பழுப்பாக்குவதும் நடக்கிறது. பயம் வேண்டாம், அந்தக் கல்லிலிருந்து கதிர்வீச்சு வராது.

விஞ்ஞானிகளை அதிகம் சுற்றவிட்டது ரோஸ் குவார்ட்ஸ். டைட்டானியம் என்றார்கள், மாங்கனீசு என்றார்கள். எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கல்லை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் போட்டுக் கரைத்தார்கள். குவார்ட்ஸ் கரைந்துபோனது. அடியில் பஞ்சுபோல ஏதோ மிஞ்சியது. அதன் நிறம் பிங்க்!

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், அத்தனையும் மெல்லிய இழைகள். ஒரு இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. டுமோர்டியரைட் என்ற கனிமத்தின் நெருங்கிய சொந்தம் அது. இழைகள் ஒளியை உறிஞ்சும் விதமும், முழுக் கல் உறிஞ்சும் விதமும் ஒத்துப்போயின. 2001-ல் இந்த முடிவு வெளியானது. அதாவது, ரோஸ் குவார்ட்ஸில் குவார்ட்ஸ் பிங்க் இல்லை, உள்ளே மாட்டிக்கொண்ட இழைகள்தான் பிங்க். சில கற்களை உருண்டையாகப் பட்டை தீட்டினால் நட்சத்திரம்போல ஒளிக்கோடுகள் தெரிவதற்கும் இத்தகைய இழைகளே காரணம்.

சரி, பர்ஸுக்கு வருவோம்.

அமெதிஸ்ட்டை சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் ஊதா போய் மஞ்சளோ ஆரஞ்சோ வந்துவிடும். சந்தையில் 'சிட்ரின்' என்ற பெயரில் கிடைப்பதில் பெரும்பகுதி இப்படிச் சுட்டெடுத்த அமெதிஸ்ட்தான். இயற்கையான சிட்ரின் அரிது. பெரும்பாலும் வெளிர் மஞ்சளாகவே இருக்கும். அடியில் வெள்ளை, நுனியில் அடர் ஆரஞ்சு என்று கொத்தாக இருந்தால், அது அடுப்பைப் பார்த்துவிட்டு வந்த கல் என்று நினைக்கலாம். சூடாக்குவது நகைத்தொழிலில் சாதாரணம், குற்றமில்லை. அதைச் சொல்லாமல் 'இயற்கை சிட்ரின்' என்று விலையை ஏற்றுவதுதான் மோசடி. வாங்கும்போது "ஹீட் பண்ணினதா?" என்று கேட்டு, பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லலாம்.

சாயம் ஏற்றிய கல் வேறு ரகம். குவார்ட்ஸில் வேண்டுமென்றே விரிசல் உண்டாக்கி, சாயத்தை உள்ளே இறக்குவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் விரிசல் கோடுகளில் மட்டும் நிறம் திட்டுத்திட்டாகத் தேங்கி நிற்கும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் சில சமயம் சாயம் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒட்டாவிட்டால் அசல் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. விலை உயர்ந்த கல் என்றால் ஜெம் லேப் சான்றிதழ் வாங்குவதே நல்லது.