மீசான் கல்லும் நாங்கள் கழுவிய கல்வெட்டும்

சென்ற மாதம் காயல்பட்டினம் போய் வந்தேன். பனவடலிசத்திரத்தில் காலையில் பஸ் ஏறினால் திருநெல்வேலி. அங்கிருந்து திருச்செந்தூர் ரயில். ஆறுமுகநேரி தாண்டியதும் காயல். முருகனைப் பார்க்க எத்தனையோ தடவை அந்த வழியாகப் போனவன், ஒரு நாள்கூட அந்த ஸ்டேஷனில் இறங்கியதில்லை. எழுபது வயதுக்கு மேல்தான் இறங்கினேன்.

கூப்பிட்டவர் என்னோடு தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அந்த ஊர் வழக்கப்படி அவரை நான் காக்கா என்றுதான் அழைப்பேன். காக்கா என்றால் அண்ணன். "அண்ணாச்சி, பெரிய ஊர்கள்ல மரபு நடைன்னு காசு வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போறாங்க. நான் சும்மாவே கூட்டிட்டுப் போறேன், வாங்க" என்றார்.

தர்கா எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் எனக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோது அம்மா பொட்டல்புதூருக்கு நேர்ந்துகொண்டாள். அங்கே அடக்கம் செய்யப்பட்டவர் யாரும் இல்லை, முகைதீன் ஆண்டவர் அடங்கியிருப்பது பாக்தாதில் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போயிருப்பாள்.

காயல்பட்டினத்தில் நிலைமை வேறு. தெருவுக்குத் தெரு பள்ளிவாசல், தைக்கா, பெரியவர்களின் அடக்கஸ்தலம். 17ஆம் நூற்றாண்டின் சதக்கத்துல்லா அப்பா பிறந்த ஊர் இது. அவர் அடங்கியிருப்பது கீழக்கரையில். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட முதலில் இவரிடம்தான் உரை கேட்டுப் போனார் என்று சொல்வார்கள். அவருடைய தம்பி சாமு சிகாபுத்தீன் அப்பா அரபுத்தமிழில் நிறைய மாலைகள் பாடியவர். அரபுத்தமிழ் என்றால் மொழி தமிழ், எழுத்து மட்டும் அரபு. தமிழின் சில ஓசைகளுக்கு அரபியில் எழுத்து இல்லாததால் புள்ளி கூட்டிப் புதிதாக எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். நம் பாட்டிகள் விளக்கு வைத்துப் படித்ததுபோல அந்த வீட்டுப் பாட்டிகள் அதைப் படித்திருக்கிறார்கள்.

பழைய பள்ளிகளின் கல்தூணைப் பார்த்தால் சங்கரன்கோவில் மண்டபத்துத் தூணுக்குத் தம்பி போல இருக்கிறது. அதே சதுரம், அதே பட்டை, மேலே போதிகை. உருவம் மட்டும் கிடையாது, பூவும் கொடியும்தான். கல் தச்சர்கள் ஒரே கூட்டமாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மார்க்கோ போலோ சொன்ன காயல் இதுவா, பழையகாயலா என்று ஒரு சர்ச்சை உண்டு. கால்டுவெல் பழையகாயல் என்றார். இரண்டு ஊருக்கும் நடுவே தூரம் அதிகமில்லை, கடலும் ஆறும் இடம் மாறியிருக்கின்றன. அதைப் படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒடுங்கிய சந்துகள் உண்டு, பெண்கள் போய்வர. காக்கா என்னை அந்தப் பக்கமே அழைத்துப் போகவில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பார்க்காமல் வரவேண்டிய இடமும் ஒரு ஊரில் உண்டு.

பிறகு மையவாடிக்குப் போனோம். கபுரின் தலைமாட்டில் நடுகிற கல்லுக்கு மீசான் கல் என்று பெயர். பழைய கற்களில் பெயரும் ஹிஜ்ரி வருஷமும் புடைப்பு எழுத்தில் இருக்கின்றன. ஒரு இடத்தில் புதிதாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு மீசான் கல் பாதி புதைந்துவிட்டது. பெயரின் முதல் பாதி வெளியே, மிச்சம் சிமென்டுக்குள். காக்கா குனிந்து விரலால் தடவிப் படித்தார். "இன்னாருடைய மகன்னு இருக்கு, யார் மகன்னு தெரியல" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் உண்டு. எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றின் திருப்பணிக் கமிட்டியில் நானும் இருந்தேன். கும்பாபிஷேகத்துக்கு முன் சுவரைப் பளிச்சென்று ஆக்கவேண்டும் என்று மணலைப் பீய்ச்சியடித்துக் கழுவினோம். வேலை முடிந்து பார்த்தால் அதிஷ்டானத்துக் கல்வெட்டு மழுங்கிப்போயிருந்தது. அதற்கு முன் அதை யாரும் மைப்படி எடுக்கவில்லை. கழுவ வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதனால்தான் சொல்கிறேன். கபுரிடம் போய் வேண்டலாமா கூடாதா என்பது அவர்களுக்குள் நடக்கிற வாதம். வெளி ஆளான எனக்கு அதில் வேலையில்லை. ஆனால் அந்தக் கல் வேறு விஷயம். வேண்டுகிறவருக்கும் வேண்டாதவருக்கும் அது பாட்டனார் பெயர்தான். டைல்ஸ் ஒட்டுங்கள், பெயின்ட் அடியுங்கள், வயதானவர்கள் வழுக்காமல் நடக்கவேண்டுமே. அதற்கு முந்தின நாள் ஒரு போட்டோ, முடிந்தால் ஒரு மைப்படி. அரை நாள் வேலை. மெஹர்தாத் ஷொக்கூஹி என்பவர் வெளிநாட்டிலிருந்து வந்து காயல்பட்டினம், கீழக்கரை, மதுரைப் பள்ளிகளையெல்லாம் அளந்து, படம் வரைந்து 2003இல் ஆங்கிலத்தில் புத்தகம் போட்டிருக்கிறார். ஒரு மணி நேர ரயிலில் இருக்கிற நாம் என்ன செய்தோம்?

மரபு நடை நடத்துகிற பிள்ளைகளுக்கும் இதுதான். ராஜா பெயரும் வருஷமும் சொல்லி, செல்ஃபி எடுத்து, தம்மடை வாங்கித் தின்றுவிட்டு வந்தால் போதாது. (தம்மடை நன்றாகவே இருந்தது, சர்க்கரை இருப்பதால் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டேன்.) ஒரு நடைக்குப் பத்துக் கல் என்று படித்து எழுதிவைத்துவிட்டு வரலாம். படித்துச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலராவது இருக்கிறார்கள்.

அடுத்த மாதம் மறுபடி போகிறேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கியாயிற்று. உரியவர்களிடம் காக்கா அனுமதி கேட்டுவிட்டார். அவர் அரபு எழுத்தைப் படித்துச் சொல்வார், நான் தமிழில் எழுதிக்கொள்வேன். பேரன் செல்போனில் போட்டோ எடுக்க வருகிறேன் என்றிருக்கிறான்.