தமிழ் தலைவாஸ்: ஏலத்துக்கு முன் ஒரு ரசிகனின் ஆசைகள்

சென்னையில் விளையாட்டு ரசிகன் என்று சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது மஞ்சள் சட்டையும் சேப்பாக்கமும்தான். ஆனால் திருவேற்காடு, அயனம்பாக்கம், பருத்திப்பட்டு பக்கம் இன்னொரு ஜாதி ரசிகன் இருக்கிறான். பொங்கல் வந்தால் மண் ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கொசுக்கடியில் நின்று கபடி பார்க்கிறவன். புரோ கபடியில் அவனுக்கு ஒரே அணிதான். தமிழ் தலைவாஸ். கிரிக்கெட் ரசிகனுக்காவது ஐந்து கோப்பை இருக்கிறது. இவனிடம் ஒன்றும் கிடையாது. அதனால்தான் இவன் சீசன் முடிந்த அன்றைக்கே அடுத்த ஏலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். தோற்ற அணியின் ரசிகனுக்கு ஏலம்தானே திருவிழா!

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம்.

2017-ல் ஐந்தாவது சீசனில் அணி உள்ளே வந்தது. கமல்ஹாசன் விளம்பரத் தூதர், உரிமையாளர்கள் பட்டியலில் சச்சின் டெண்டுல்கர். ஆரவாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் தன் பிரிவில் கடைசி இடம். 2018-ல் முதல் ஆட்டமே சென்னையில். மூன்று முறை சாம்பியனான பாட்னா பைரேட்ஸை 42-26 என்று புரட்டி எடுத்தார்கள். 'இந்த வருஷம் நம்ம வருஷம்டா' என்று ஊரே நம்பியது. அப்புறம் அடுத்தடுத்துத் தோல்விகள், மறுபடியும் பிரிவில் கடைசி. 2019-ல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. அடுத்த சீசனில் பதினொன்றாவது. 2022-ல் மட்டும் ஒரு அதிசயம், அரையிறுதி வரை போனார்கள். பத்தாவது சீசனில் ஒன்பதாம் இடம், பதினோராவதிலும் ஒன்பதாம் இடம். 2025-ல் எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்று வாய்ப்பு இருந்தும் அந்த எட்டில் ஒன்றாக வர முடியவில்லை.

2017 முதல் 2025 வரை எட்டு சீசன். அதில் ஒரே ஒருமுறைதான் பிளே ஆஃப். இதை 'அதிர்ஷ்டம் இல்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. அணியைக் கட்டுகிற விதத்திலேயே கோளாறு இருக்கிறது.

நட்சத்திர மோகம்

2019 அணியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். 2016 உலகக்கோப்பை நாயகன் அஜய் தாக்கூர், 94 லட்சம் கொடுத்து வாங்கிய ராகுல் சௌத்ரி, மஞ்சித் சில்லர், மோஹித் சில்லர், ரன் சிங். பேப்பரில் படித்தால் இந்திய அணி மாதிரி இருக்கும். 22 ஆட்டத்தில் வென்றது நான்கு!

எப்படி இப்படி ஆனது? கபடி ஏழு பேர் ஆட்டம். ஒரு ரெய்டர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் பிடிபட்டு வெளியே உட்கார்ந்துவிட்டால் அவரை உள்ளே கொண்டுவர வேறொருவர் புள்ளி எடுக்க வேண்டும், அல்லது தற்காப்பு ஒருவரைப் பிடிக்க வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நட்சத்திரம் பெஞ்சில்தான் மின்னும். எதிரணி எல்லாருக்கும் இது தெரியும். ஒரே ஒரு ஆளை அமுக்கினால் போதும், ஆட்டம் முடிந்தது.

இதில் பாடம் கற்றார்களா என்றால் இல்லை. 2022-ல் பவன் ஷெராவத்தை 2.265 கோடிக்கு வாங்கினார்கள். அன்றைக்கு ஒரு அணிக்கு ஏலத்தில் செலவழிக்க இருந்த மொத்தத் தொகையே 4.4 கோடி. பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு! பாவம், குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், சீசனே முடிந்துவிட்டது. 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. அந்த ஏலத்திலேயே அதிக விலை அதுதான். 2025-ல் அர்ஜுன் தேஷ்வால் 1.405 கோடி, மறுபடியும் பவன் 59.5 லட்சம். இரண்டையும் கூட்டினால் சரியாக இரண்டு கோடி, அதாவது ஐந்து கோடியில் நாற்பது சதவீதம். சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி நிர்வாகம் பவனை வீட்டுக்கு அனுப்பியது. யார் பக்கம் நியாயம் என்பது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு தூண்களை நம்பிக் கட்டிய வீட்டில் ஒரு தூணைப் பாதியில் எடுத்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

2022 சொன்ன பாடம்

வேடிக்கை என்னவென்றால், இந்த அணியின் ஒரே நல்ல சீசன் பெரிய நட்சத்திரம் இல்லாமல் வந்ததுதான்.

பவன் விழுந்த பிறகு யாரும் எதிர்பார்க்காத பையன்கள் எழுந்தார்கள். நரேந்தர் என்ற புதுமுகம் அறிமுக சீசனிலேயே 243 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். அவர் கோடியில் வாங்கப்பட்டவர் அல்ல. அவருக்குத் துணையாக அஜிங்க்யா பவார். கார்னரில் சாகரும் சாஹில் குலியாவும். கவரில் தமிழ்நாட்டுப் பையன் அபிஷேக். சீசன் நடுவே அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார். யுபி யோதாஸுடனான எலிமினேட்டர் 36-36 என்று சமனாகி, டை பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். அரையிறுதியில் புனேரி பல்தானிடம் 37-39. இரண்டே புள்ளியில் இறுதிப்போட்டி போனது! அந்த ராத்திரி ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தூங்காத ரசிகர்கள் நிறைய பேர் இருந்திருப்பார்கள்.

அந்த ஆட்டத்தில் ஜெயித்த புனேவைப் பாருங்கள். அஸ்லம் இனாம்தார், மோஹித் கோயத் என்று சின்னப் பையன்களைப் பொறுக்கி எடுத்து, அடி வாங்கினாலும் பரவாயில்லை என்று சேர்த்தே வளர்த்தார்கள். 2022-ல் இறுதிப்போட்டி வரை வந்து தோற்றார்கள். 2024 மார்ச்சில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். 'அவர்களும் ஈரானின் ஷாட்லூயியை 2.35 கோடிக்கு வாங்கினார்களே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சோறு, குழம்பு, கூட்டு எல்லாம் தயாரான பிறகு கடைசியாக வைத்த அப்பளம் அது. தலைவாஸ் எப்போதும் முதலில் அப்பளத்தை வாங்கிவிட்டுத்தான் அரிசி தேடுகிறது!

சரி, என்ன செய்யலாம்?

இனி வருகிற ஏலங்களுக்காக ரசிகனின் ஆசைப் பட்டியல் இதுதான். பேராசை எதுவும் இல்லை.

1. ஒரே ஆளுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தில் முப்பது நாற்பது லட்ச ரூபாயில் மூன்று நல்ல ரெய்டர்கள் கிடைப்பார்கள். முதல் ரெய்டர் வெளியே இருக்கும்போது யார் ஆடுவது என்பதுதான் இந்த அணியின் நிரந்தரக் கேள்வி. 'டூ ஆர் டை' ரெய்டுக்கென்றே ஒரு ஆள் வேண்டும். அவருக்குப் பெரிய பெயர் தேவையில்லை, பதற்றப்படாத கால் இருந்தால் போதும்.

2. தற்காப்பைக் கலைக்காதீர்கள். கார்னரும் கவரும் கணவன் மனைவி மாதிரி. ஒருவர் அசைவதற்கு முன்பே இன்னொருவருக்குத் தெரிய வேண்டும். கார்னர் காலைப் பிடிக்கிற அதே நொடியில் கவர் வந்து மோத வேண்டும். அரை நொடி தாமதித்தால் ரெய்டர் கோட்டைத் தொட்டுவிடுவார், ஒரு புள்ளி வரவேண்டிய இடத்தில் இரண்டு புள்ளி போய்விடும். இந்தப் புரிதல் பணத்தால் வராது. ஒன்றாக விளையாடிய வருஷங்களால்தான் வரும்.

3. பயிற்சியாளருக்கு மூன்று வருஷமாவது கொடுங்கள். பாஸ்கரன், இன்னொரு பாஸ்கரன், உதயகுமார், அஷன் குமார், மறுபடி உதயகுமார் கூடவே சேரலாதன், அப்புறம் சஞ்சீவ் பாலியான். எட்டு சீசனுக்குள் இத்தனை பேர். ஒவ்வொருவர் வரும்போதும் ஒரு புதுத் திட்டம், அதற்கென்று ஒரு புது ஆட்டக்காரர் பட்டியல். நாற்றை நட்டுவிட்டு வாரா வாரம் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்த்தால் பயிர் எப்படி வளரும்?

4. தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வழி வைக்க வேண்டும். இதுதான் முக்கியமானது, கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியது.

பெயரில் மட்டும் தமிழா?

'எல்லா ஆட்டக்காரரும் தமிழராகத்தான் இருக்க வேண்டும்' என்று யாரும் கேட்கவில்லை. அஜய் தாக்கூர் இமாச்சலப் பிரதேசத்துக்காரர். அவருடைய அந்தத் தாவலுக்கு நேரு உள்விளையாட்டரங்கமே எழுந்து நின்றது. ஹரியானாவில் ஊருக்கு ஊர் மேட் இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, அதனால் அங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதில் பொறாமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கபடி இந்த ஊருக்கு வெளியிலிருந்து வந்த ஆட்டமா? சடுகுடு என்று பாட்டன் காலத்திலிருந்து விளையாடுகிற மண். மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். அவருடைய வாழ்க்கையைத் தழுவித்தான் 2025-ல் மாரி செல்வராஜின் 'பைசன்' வந்தது, ஊரே பார்த்தது. புரோ கபடியின் முதல் சீசனில், 2014-ல், ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் நம்ம பாஸ்கரன். 2016-ல் பாட்னா ஜெயித்தபோது கேப்டன் நம்ம தர்மராஜ் சேரலாதன். அதாவது தமிழ்நாட்டுக்காரர்கள் கோப்பை வாங்கியிருக்கிறார்கள், அடுத்தவன் ஊருக்கு!

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் இந்தியா இரண்டு தங்கமும் வென்றது. பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா, ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் கொடுத்தது. கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்த சென்னைக்கு ஒரு சின்னப் பெண் பதில் சொன்னாள். ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை. திறமை கண்ணில் படுகிற இடத்தில் ஆள் இல்லை, அதுதான் பிரச்சினை.

மண்ணில் ஆடுகிற பையனுக்கும் மேட்டில் ஆடுகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு. மண்ணில் வெறுங்கால், வழுக்கல், பலமும் மூச்சும் முக்கியம். மேட்டில் ஷூ, வேகம், சட்டென்று திரும்புகிற கால். மண்ணில் சிங்கமாக இருப்பவன் மேட்டில் முதல் ஆறு மாதம் தடுமாறுவான். அந்த ஆறு மாதத்தை அவனுக்கு யார் கொடுப்பது? ஏலத்துக்கு வெளியே இளம் வீரர்களை அணிகள் நேரடியாக எடுத்துக்கொள்ள புரோ கபடியில் விதி இருக்கிறது. 2022 முதல் யுவா கபடி சீரிஸ் என்று சின்னப் பையன்களுக்குத் தனிப் போட்டியும் நடக்கிறது. தலைவாஸ் நினைத்தால் ஆவடியில் ஒன்று, தஞ்சை பக்கம் ஒன்று, தூத்துக்குடி பக்கம் ஒன்று என்று மூன்று மேட் போட்டு, வருஷத்துக்கு நாலு பையன்களை அணியோடு சேர்க்கலாம். நாலு பேரில் ஒருவன் தேறினால்கூட ஐந்து வருஷத்தில் அரை அணி தயார். ஒரு நட்சத்திரத்துக்குக் கொடுக்கிற விலை இதற்கு ஆகாது.

இதில் ஒரு பையனின் வாழ்க்கையும் இருக்கிறது. திருவேற்காடு பக்கம் கபடி ஆடுகிற பையனுக்குப் பெரிய கனவு ரயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை. அது கிடைக்காவிட்டால் இருபத்து மூன்று வயதில் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போய்விடுவான். புரோ கபடியில் ஏலத்துக்கு வருகிறவர்களில் கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம். அந்த ஒரு கதவு திறந்தால் அவன் வீடே மாறும். சொந்த ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டிருக்கிற அணி அந்தக் கதவைத் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பார்கள்?

பொறுமை யாருக்கு வேண்டும்?

'இளைஞர்களை வைத்து ஆடினால் ரெண்டு வருஷம் தோற்போமே' என்று நிர்வாகம் பயப்படலாம். ஐயா, நட்சத்திரங்களை வைத்தும் தோற்றுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்! 2019 ஆகஸ்டுக்குப் பிறகு 2023 டிசம்பர் வரை சென்னையில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. 2024-லும் சென்னைக்கு வரவில்லை. அப்படியிருந்தும் டிவி முன்னால் உட்கார்ந்து கத்துகிற கூட்டம் குறையவில்லை. எட்டு சீசன் பொறுத்தவனுக்கு இன்னும் இரண்டு சீசன் பெரிய விஷயமே இல்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். தோற்றாலும் ஒரு காரணத்துக்காகத் தோற்க வேண்டும். இந்தப் பையன் போன வருஷத்தைவிட இந்த வருஷம் நன்றாக ஆடுகிறான் என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

கோப்பை வந்தால் சந்தோஷம், கருமாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்க ஆள் தயார். ஆனால் அதற்கு முன்பே ஒரு விஷயம் நடந்தால் போதும். நேரு உள்விளையாட்டரங்கில் ஏழு பேர் இறங்கும்போது, அதில் ஒருவனையாவது பார்த்து 'டேய், இவன் நம்ம பருத்திப்பட்டு போட்டியில ஆடினவன்டா' என்று யாராவது ஒருவர் கத்த வேண்டும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? உங்கள் ஆசைப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள்?