சான்றிதழ் மட்டும் போதாது

எழுபது வயது நிறைந்த அனைவருக்கும், வருமான வரம்பு ஏதுமின்றி, ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரையிலான இலவச மருத்துவக் காப்பீட்டை மத்திய அரசு 2024-ம் ஆண்டு அறிவித்தது. வரவேற்கத்தக்க முடிவு. ஆனால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவரை எழுப்பி உட்கார வைப்பதும், குளிப்பாட்டுவதும், உணவூட்டுவதும் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அந்தக் காப்பீட்டில் விடை இல்லை.

2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி, மாற்றுத் திறனாளிகள் 2.68 கோடி. ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023-ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, 2022-ல் 14.9 கோடியாக இருந்த முதியோர் எண்ணிக்கை 2050-ல் 34.7 கோடியாக உயரும் என்கிறது. அதாவது, இந்தியரில் ஐவரில் ஒருவர் முதியவராக இருப்பார். பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் செல்கிறார்கள். ஊதியமின்றி இந்தப் பாரத்தைச் சுமந்துவந்த மகளும் மருமகளும் இன்று வேலைக்குப் போகிறார்கள். எனவே, பராமரிப்புக்கு வெளியாரை நாடுவது தவிர்க்க முடியாததாகிவிட்டது.

அப்படி வருபவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். "ஆயா', "ஹோம் நர்ஸ்' என்று ஏஜென்சிகள் அனுப்பிவைக்கும் இவர்களில் பலர் முறையான பயிற்சி பெறாதவர்கள். இது பார்வைக்கு எளிய வேலைபோலத் தோன்றும். ஆனால், படுத்த படுக்கையாக இருப்பவரைக் குறித்த இடைவெளியில் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும். விழுங்கச் சிரமப்படுபவருக்குப் படுத்த நிலையிலேயே உணவூட்டினால், அது மூச்சுக்குழலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகும். பக்கவாதத்தால் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். மறதி நோய்க்கு ஆளானவரிடம் வாதாடக் கூடாது. சக்கர நாற்காலியில் இருப்பவரை அவரது சம்மதமின்றித் தூக்கக் கூடாது. இவையெல்லாம் அன்பினால் மட்டும் வந்துவிடுவன அல்ல, கற்றுத்தரப்பட வேண்டியவை.

பயிற்சித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. தில்லியில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதியோர் பராமரிப்புப் பயிற்சிகளை நடத்திவருகிறது. 1999-ம் ஆண்டு சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளை, மாற்றுத் திறனாளிகளைப் பராமரிப்போருக்காக "சஹயோகி' திட்டத்தை வகுத்தது. கொரோனா காலத்தில், 2021 ஜூன் மாதம், வீட்டுப் பராமரிப்பு உள்ளிட்ட ஆறு பணிகளுக்கு ஒரு லட்சம் பேரைத் தயார்செய்யும் குறுகிய காலப் பயிற்சியை மத்திய அரசு தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைத் தருகிறது. அந்தச் சான்றிதழால் அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

2021-ம் ஆண்டு நிறைவேறிய தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2,000 மணி நேரத்துக்குக் குறையாத படிப்பை முடித்தவரையே துணை மருத்துவப் பணியாளர் என்று ஏற்கிறது. சில வாரங்களோ சில மாதங்களோ பயின்ற பராமரிப்பாளர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். சட்டம் ஏற்காத தகுதிக்குச் சந்தையும் விலை தருவதில்லை. பயின்றவருக்கும் பயிலாதவருக்கும் ஏஜென்சி நிர்ணயிப்பதே கூலி. பிறகு, அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு யார் வருவார்கள்? வீட்டுக்கு வருபவர் தேர்ந்தவரா என்பதைக் குடும்பத்தினர்தான் எப்படி அறிவார்கள்?

இந்தக் குறையைக் களைய ஒரு வாய்ப்பு வந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்துக்கான திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் தாக்கல் செய்யப்பட்டது. வீட்டுப் பராமரிப்புச் சேவை அளிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் நிர்ணயிக்கப்படும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. நிலைக்குழு 2021 ஜனவரியில் அறிக்கையும் அளித்தது. அதன் பிறகு மூன்றாண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தும் மசோதா நிறைவேற்றப்படவில்லை. 2024-ல் மக்களவை கலைக்கப்பட்டபோது அதுவும் காலாவதியானது. அதை விரைவுபடுத்த ஆளும் கட்சியும் முனையவில்லை, எதிர்க்கட்சிகளும் வற்புறுத்தவில்லை.

2021 ஜனவரியில் ஜப்பானுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்கீழ், முதியோர் பராமரிப்புக்கு அங்கு செல்லும் இந்தியர்கள் மொழித் தேர்விலும் திறன் தேர்விலும் வென்றாக வேண்டும். ஜப்பானிய முதியவருக்குக் கட்டாயமான தகுதி, இந்திய முதியவருக்கு மட்டும் வேண்டாமா?

காலாவதியான மசோதாவுக்கு மீண்டும் உயிரூட்ட வேண்டும். நிறுவனங்களை மட்டுமன்றிப் பணியாளர்களையும் பதிவு செய்ய அதில் வழி காண வேண்டும். பயிற்சிக்கு நாடு முழுவதும் ஒரே பாடத்திட்டம், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தகுதிக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் ஆகியவை அவசியம். பல ஆண்டுகளாக இப்பணியில் இருக்கும் பெண்களின் அனுபவத்தைச் சோதித்து ஏற்க வேண்டும். பாடத்திட்டத்தை வகுக்கும்போது மாற்றுத் திறனாளிகளின் கருத்துக்கும் இடமளிக்க வேண்டும்.

ஊதியம் உயர்ந்தால் நடுத்தரக் குடும்பங்களால் தாங்க இயலுமா என்ற கேள்வி நியாயமானதே. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைகள் சட்டம், கூடுதல் உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைப் பற்றிப் பேசுகிறது. மத்திய, மாநில அரசுகள் அதனை நிதி ஒதுக்கீட்டுடன் செயல்படுத்தி, நலிந்த முதியோருக்கும் நீட்டிப்பதே இதற்கு வழி.

முதியவரின் நலனும் அவரைப் பராமரிக்கும் பெண்ணின் நலனும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. தன் உழைப்புக்கு மதிப்பில்லாத ஒருவரிடம் அடுத்தவரின் மாண்பைக் காக்கச் சொல்வது நியாயமாகாது. சட்டம் முதலில் அவரைப் பணியாளராக அங்கீகரிக்கட்டும்.