வாய் திறவாத வயது

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரைச் சிற்றூரொன்றில் இருந்தது என் பெரியம்மாவின் வீடு. விருந்தினர் யார் வந்தாலும் முதலில் அவர்முன் வைக்கப்படுவது வெற்றிலை வட்டா. பெரியம்மாவும் வெற்றிலை போடுவார். ஆயின் அளவோடு போடுவார். நாற்பத்தொன்பதாம் வயதில் அந்த அளவு குலைந்தது. "வாயெல்லாம் காயுது புள்ள, உறைப்புப் பட்டால் நெருப்பாய் எரியுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். வெற்றிலை போட்டால் வாய் ஊறும் என்பதற்காகப் பகலும் இரவும் அதனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். மாதவிலக்கு நின்றதும் அக்காலத்திலேதான். இரண்டையும் சேர்த்து எண்ண வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லத் துணிந்திருக்கமாட்டோம்.

பத்தாண்டுகள் கழிந்தபின் அதே கன்னத்தில் ஒரு புண் வந்தது. அதையும் அவர் மறைத்தார். வைத்தியரிடம் கொண்டுசென்றபோது காலங் கடந்துவிட்டது.

மாதவிடாய் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிற்கிறது. அப்பொழுது ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் குறைகிறது. அக்குறைவு கருப்பையோடு முடிந்துவிடுவதன்று. ஈறும் வாயின் மென்தோலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் அந்த ஓமோனுக்குக் கட்டுப்பட்டவையே. ஆகவே சிலருக்கு உமிழ்நீர் குறையும்; நாக்கு எரியும்; சுவை மாறும்; ஈறு மெலிந்து இரத்தங் கசியும். எலும்பு தேயும் பெண்களுக்குப் பல்லைத் தாங்கும் தாடையெலும்பும் தேயக்கூடும். உமிழ்நீர் பல்லின் காவலன். காவல் குறைந்தால் சொத்தை விரைந்து பரவும்.

"இது முதுமையின் இயல்புதானே?" என்பர் சிலர். அன்று. ஐம்பது வயது முதுமையன்று. வாய் உலர்வதற்கு நீரிழிவும் காரணமாகலாம். உட்கொள்ளும் மருந்தும் காரணமாகலாம். எது காரணம் என்று ஆராயாமல் வயதின்மேல் பழி போடுவது அறியாமையைப் போர்த்திவைப்பதாகும்.

வெற்றிலை நம் பண்பாட்டின் மரியாதை என்பதை நான் மறுக்கவில்லை. மணவீட்டிலிருந்து வட்டாவை அகற்றச் சொல்லவுமில்லை. ஆயின் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், புகையிலை சேராத பாக்குங்கூட மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று 2004 இல் வெளியிட்ட நூலிலே தீர்ப்பளித்துள்ளது. உலர்ந்த வாய்க்கு அதை மருந்தாகக் கொள்வது எரியும் கூரைக்கு எண்ணெய் தெளிப்பதாகும்.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. பாடசாலைப் பிள்ளையின் பல்லைப் பார்க்க நம் நாட்டில் ஏற்பாடு உண்டு. கருவுற்ற தாயையும் பல் வைத்தியரிடம் அனுப்புகின்றனர். பிள்ளைப்பேறு முடிந்த பெண்ணின் வாயைப் பற்றி யார் பேசுகின்றனர்? தாய்வழிக் குடிமுறை வழங்கும் மண் இது. குடி தாயால் அறியப்படுகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகிறது. அத்தகைய மண்ணிலும் பெண் தன் உடலைப் பற்றி வாய் திறக்க நாணுகிறாள் என்றால், அந்த நாணத்தைக் கற்பித்தவர் நாமல்லவா?

1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள், 35 வயதைக் கடந்த பெண்களின் மார்பகம், கருப்பைக் கழுத்து, இரத்த அழுத்தம், நீரிழிவு முதலியவற்றைப் பரிசோதிக்கின்றன. அங்கு செல்லும் ஒவ்வொரு பெண்ணும், "என் வாயையும் பாருங்கள்" என்று கேட்டல் வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை ஒருநாளும் மறைத்தல் ஆகாது. அடிக்கடி சிறிது நீர் பருகுவதும், மென்மையான தூரிகையால் புளோரைட்டுப் பற்பசை கொண்டு துலக்குவதும், பாக்கை விடுவதும் எவர்க்கும் இயல்வன.

பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. சொல் முன்பே போய்விட்டதனாலேயே பெரியம்மாவின் பல்லும் போயிற்று, உயிரும் போயிற்று என்று நான் கருதுகிறேன். இன்று அதே வயதில் நிற்கிறேன். என் வாயும் உலர்கிறது. அதை முதலில் என் வகுப்பறைத் தோழியரிடம் சொன்னேன்; பின்பு பல் வைத்தியரிடம் சொன்னேன். இப்பொழுது உங்களிடம் சொல்கிறேன். ஆசிரியர்களே, மாணவர்களே, இன்று வீடு சென்றதும் உங்கள் தாயாரிடம் இதனைக் கேளுங்கள்.