போடலாம், பரப்பக் கூடாது

வைகாசி பிறந்துவிட்டால் திருமயம் வட்டாரத்து மைக்செட்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. கல்யாணமும் கோயில் திருவிழாவும் ஓய்ந்ததும் ஆடியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து தொடங்கிவிடும். இத்தனைக்கும் வேண்டிய பாட்டு ஒரு பென் டிரைவில் அடங்கியிருக்கிறது. பெரும்பாலும் அது வாட்ஸ்ஆப், டெலிகிராம் குரூப்புகளில் வந்த தொகுப்பு. ஒருவர் போடுகிறார், மற்றவர்கள் இறக்கிக்கொண்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளிவிடுகிறோம்.

இதில் தப்பில்லை என்று நம்மில் பலர் நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 ஜூலை 24 அன்று மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய விழாக்களிலும் பாட்டுப் போடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது, அதற்கு யாரும் கட்டணம் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் சமயச் சடங்குகளுக்கும் அரசு விழாக்களுக்கும் உள்ள விலக்குதான் இது. இதன் எல்லை எதுவரை என்று கோர்ட்டுகளில் வாதம் நடந்தாலும், கல்யாண வீட்டிலும் கோயிலிலும் வேலை செய்கிற நமக்கு இது பெரிய பாதுகாப்பு.

ஆனால் அந்த விலக்கு பாட்டை ஒலிக்கவிடுவதற்கு மட்டுமே. அதைப் பிரதி எடுப்பதற்கோ பிறருக்கு அனுப்புவதற்கோ அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. காலையில் முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டைப் போட்டவர் குற்றவாளி அல்ல. அதே பாட்டை மதியம் குரூப்பில் ஏற்றினால் அவர் விநியோகஸ்தர் ஆகிவிடுகிறார். வீட்டில் தான் கேட்பதற்கான நியாயமான பயன்பாட்டுக்குச் சட்டம் இடம் தருகிறது. வாடகைத் தொழிலுக்கு இறக்குவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தண்டனை லேசானதல்ல. 63-வது பிரிவின்படி, தெரிந்தே மீறியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி காரணம் எழுதிக் குறைக்கலாம். காசு வாங்கி செட் போடுகிற நாம் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். 2022 மே 20 அன்று நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று தீர்ப்பளித்தது. 64-வது பிரிவு சப்-இன்ஸ்பெக்டருக்கே பறிமுதல் அதிகாரம் தருகிறது. பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும் பிரதி எடுக்கப் பயன்பட்ட லேப்டாப்பும் போனால் சீசனே போனமாதிரி. திரும்பக் கேட்டு மேஜிஸ்ட்ரேட்டிடம் மனுப்போட 15 நாள்தான் அவகாசம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் குண்டர் சட்டமும் இருக்கிறது. 2004-இல் அதில் 'வீடியோ திருடர்' என்ற வகை சேர்ந்தது. அந்த வரையறை படத்தோடு நிற்கவில்லை. படத்தின் ஒலித்தடம் அடங்கிய பதிவையும் சொல்கிறது. பொது ஒழுங்குக்குப் பாதகம் என்று அரசு காட்டினால்தான் அது பாயும். சாதாரண குரூப் அட்மினைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, தொகுப்பை விற்றுப் பிழைப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய பாட்டுத்தானே என்பதும் எல்லா இடத்திலும் செல்லாது. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும், படைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் மறைந்தார், அவர் வரிகளுக்குக் காலம் முடிந்துவிட்டது. பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் மறைந்தது 1981-இல். 1960-இல் வந்த ஒரு படப்பாட்டின் பதிவு இன்று பொதுவாகியிருக்கலாம், ஆனால் அதில் அவர் வரி இருந்தால் 2041 முடியும்வரை உரிமை உண்டு.

நம்மூர் சத்தியகிரீஸ்வரர் குடைவரையில், குடுமியான்மலையில் இருப்பதுபோல ஓர் இசைக் கல்வெட்டு இருந்தது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டு, சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் வருவாயைப் பங்கிட்ட 1245-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பொறித்திருக்கிறார்கள். பங்குக் கணக்கு நின்றது, இசை போயிற்று. பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். நம் காலத்தில் தலைகீழாக, இசை எங்கும் கேட்கிறது, எழுதியவருக்குப் பங்கு போய்ச் சேர்வதில்லை. 2012 திருத்தம் வருவதற்கு முன்பு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். இன்று, தியேட்டருக்கு வெளியே அவர்கள் பாட்டால் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை அவர்களிடமிருந்து யாரும் எழுதி வாங்க முடியாது. அந்தப் பணம் நம்மைப்போலப் பாட்டை வைத்துப் பிழைப்பவர்களிடமிருந்தும் போக வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆகவே குரூப் நடத்துகிறவர்கள் பாட்டுக் கோப்பு போடுவதை நிறுத்துங்கள். வேலை விவரம், செட் வாடகை, பழுது பார்ப்பவர் நம்பர் போதும். பாட்டை விலைகொடுத்து வாங்கி, ரசீதை வைத்திருங்கள். மாதச் சந்தா கட்டும் ஆப் பெரும்பாலும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்றுதான் நிபந்தனை போடுகிறது, அதை நம்பி மேடைக்குப் போகாதீர்கள். மொய் விருந்து சமயச் சடங்கும் அல்ல, கல்யாணமும் அல்ல. கடைத் திறப்பு, கட்சிக் கூட்டமும் அப்படியே. அங்கெல்லாம் வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் அமைப்பிடமும், ஒலிப்பதிவுக்கு அதன் உரிமையாளரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ரேட் பேசும்போதே உரிமக் கட்டணம் தனி என்று சொல்லி, அட்வான்ஸ் ரசீதிலும் எழுதிவிடுங்கள். பந்தல் போட்ட பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.