சுமங்கலித் திட்டமும் சட்டையின் விலையும்

கொத்தடிமை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது செங்கல் சூளையும் கல்குவாரியும்தான். ஆனால் தமிழ்நாட்டில் அது மங்களகரமான ஒரு பெயரிலும் வந்தது. சுமங்கலித் திட்டம்!

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் பல ஆண்டுகள் நடந்த திட்டம் இது. ஏழைக் குடும்பங்களின் பெண் பிள்ளைகளைத் தேடி ஏஜெண்டுகள் கிராமங்களுக்குப் போவார்கள். மூன்று வருடம் மில்லில் வேலை. தங்க விடுதி, மூன்று வேளை சாப்பாடு. மாதாமாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம். மூன்று வருடம் முடிந்ததும் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை. கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அது ஏட்டில் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவரின் கவலை வீட்டில் இருக்கிறது. அந்தக் கவலைதான் இந்தத் திட்டத்தின் முதலீடு.

இதைக் கணக்குப் பதிவியல் படித்தவர் ஒருவர் பார்த்தால் என்ன தெரியும்? கடைசியில் கிடைக்கும் அந்தத் தொகை போனஸ் அல்ல, பரிசும் அல்ல. மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்த பங்கு. அதாவது, வேலைக்கு வந்த பெண் மில் முதலாளிக்கு மூன்று வருடம் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறாள்! பழைய கொத்தடிமை முறையில் முதலாளி முன்பணம் கொடுப்பார், கூலியாள் மாட்டிக்கொள்வார். இங்கே கடன் கொடுத்தவளே மாட்டிக்கொள்கிறாள். இடையில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போய்விட்டால்? அந்தத் தொகை அவ்வளவுதான். மில்லின் ஏட்டில் பொறுப்பாக இருந்தது அன்றைக்கே லாபமாகிவிடுகிறது. எனவே அவளைக் கட்டிப்போடச் சங்கிலி வேண்டியதில்லை. அவள் பணமே போதும்.

இதோடு விடுதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. தனியாக வெளியே போகக் கூடாது, செல்போன் கூடாது, வீட்டார் வந்தாலும் குறிப்பிட்ட நாளில்தான் பார்க்கலாம். நெதர்லாந்தின் சோமோ, இந்தியக் குழு ஆகிய அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இவற்றை விரிவாகப் பதிவு செய்தன.

சட்டம் இல்லாமலா இது நடந்தது? கூலிக் கணக்கு ஒரு மாதத்துக்கு மேல் நீளக் கூடாது என்று 1936ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது. அடித்து வேலை வாங்குவது மட்டும் பலவந்தம் அல்ல, வேறு வழியில்லாத வறுமையும் பலவந்தமே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பிறகு ஏன் யார் கண்ணிலும் படவில்லை? இங்கேதான் சப்ளை செயின் வருகிறது. பஞ்சு மில்லில் நூலாகிறது. நூல் நிட்டிங் போகிறது, டையிங் போகிறது, கடைசியில் பனியன் கம்பெனிக்குத் தையலுக்கு வருகிறது. வெளிநாட்டு பையர் ஆடிட் செய்வது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். அங்கே வருகைப் பதிவேடு இருக்கும், தீயணைப்புக் கருவி இருக்கும், சுவரில் விதிமுறைகள் ஒட்டியிருக்கும். மூன்று படி பின்னால் இருக்கும் மில் விடுதியின் பூட்டிய கேட் அந்த ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்? நூல் கோனின் மேல் யார் நூற்றது என்று எழுதியிருக்காதே!

வெளிநாட்டுச் சட்டங்களும் ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனின் நவீன அடிமைத்தனச் சட்டம் (2015) ஆண்டு விற்பனை 3.6 கோடி பவுண்டுக்கு மேல் உள்ள நிறுவனங்களை வருடாவருடம் ஓர் அறிக்கை வெளியிடச் சொல்கிறது. ஆனால் "நாங்கள் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதினாலும் அந்தச் சட்டப்படி அது அறிக்கைதான்! அமெரிக்கச் சட்டமோ கட்டாய உழைப்பில் உருவான சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியமும் இப்படிப்பட்ட சரக்குக்குத் தடை விதிக்கும் விதியை 2024இல் நிறைவேற்றியது. அறிக்கை கேட்பதைவிட சரக்கு நிற்பது முதலாளிக்குச் சீக்கிரம் புரியும்.

அதற்கு உதாரணம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. அங்கே ஓர் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. அதில் ஆலை நிர்வாகம், தொழிற்சங்கம், எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகள் எல்லாம் கட்டுப்பட்டன. வேலைத் தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்ல தொழிலாளிப் பெண்களையே பயிற்றுவித்து நியமித்தார்கள். நூற்பும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலையின் ஆடைகளுக்குத் தடை போட்டது. ஒப்பந்தத்தின்படி நடந்த மாற்றங்களைப் பார்த்து செப்டம்பரில் தடையை விலக்கியது. வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டர் பார்க்காததை தினமும் அங்கேயே நிற்கும் பெண் பார்க்கிறாள். அவளுக்கு வேலை போகாது என்ற உறுதி மட்டும் வேண்டும்.

ஆக, செய்ய வேண்டியவை ஒன்றும் புரியாத விஷயங்கள் அல்ல. கூலியை மாதாமாதம் முழுதாக, தொழிலாளியின் சொந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும். ஏஜெண்ட் கமிஷனை முதலாளியே ஏற்க வேண்டும். விடுதிக் கதவு உள்ளிருப்பவருக்குத் திறக்க வேண்டும். பிராண்டுகள் தங்கள் நூல் எந்த மில்லில் இருந்து வருகிறது என்பதை வெளியிட வேண்டும். இன்று ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்து அதே விடுதிகளில் தங்கும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். மொழி தெரியாத ஊரில் அவர்கள் குரல் இன்னும் சன்னமானது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது விலை. பையர் ஒரு சட்டைக்கு ஐந்து ரூபாய் குறைத்துப் பேசினால் அந்த ஐந்து ரூபாய் காற்றில் கரைவதில்லை. பஞ்சு விலையிலும் கரண்ட் பில்லிலும் பேரம் பேச முடியாது. எதிர்த்துப் பேச முடியாத ஒருவரின் கூலியில்தான் அது போய் நிற்கும். காஸ்டிங் ஷீட்டில் கூலி என்று ஒரு வரி இருக்கிறது. நாளைக்கு அந்த ஷீட்டைப் போடப் போகிறவர்கள் இன்று வணிகவியல் வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த வரியில் கை வைப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.